ஏழே நாளில் ஆய்வுக் கட்டுரை: பணம் கட்டலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். பகுதிநேர பிஎச்.டி. முடியும் கட்டம். "கேர் லிஸ்ட் இதழ், ஐஎஸ்எஸ்என் உண்டு, ஏழு நாளில் ஆன்லைனில் வந்துவிடும், 4,500 ரூபாய்" என்று வாட்ஸ்ஆப்பில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், டீச்சர்.

கேர் லிஸ்ட் என்பது தரமான இதழ்கள் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வைத்திருந்த பட்டியல். அதை 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டாயிற்று. இல்லாத பட்டியலில் இடம் விற்கிறார் அந்த ஆள். ஐஎஸ்எஸ்என் என்பது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், அவ்வளவுதான். ரேஷன் கார்டுக்கு நம்பர் இருப்பதால் கார்டுக்காரர் யோக்கியர் என்று ஆகிவிடுமா? நல்ல இதழில், துறை தெரிந்த இரண்டு பேர் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லவே பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆகும். ஏழு நாளில் யாரும் படிக்கப் போவதில்லை.

ஆய்வேட்டை டைப் அடித்து பைண்டிங் போடும் இடத்திலேயே "பேப்பரும் நாங்களே போட்டுத் தருவோம்" என்பார்கள். அங்கேயும் தலையாட்டிவிடாதீர்கள். இப்படிப்பட்டவர்களிடம் கட்டுரை போய்விட்டால், திரும்பப் பெறவும் பணம் கேட்பார்கள். ஒருமுறை வெளிவந்ததை நல்ல இதழ் எதுவும் ஏற்காது. மூன்று வருட உழைப்பு அதோடு போச்சு.

அதற்காகக் காசு கேட்கும் இதழெல்லாம் மோசடி என்றும் நினைத்துவிடாதீர்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று வெளியிடும் நல்ல இதழ்கள் சில, செலவை எழுதியவரிடம் வாங்குகின்றன. ஆனால் கட்டணம் எவ்வளவு என்று தளத்திலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலும் மதிப்பீடு முடிந்து கட்டுரையை ஏற்ற பிறகுதான் கேட்பார்கள். ஜிபே நம்பர் அனுப்ப மாட்டார்கள். இப்படி இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே (DOAJ) தளத்தில் இதழின் பெயரைத் தேடிப் பாருங்கள், பைசா வாங்காத இதழ்களும் அதில் இருக்கின்றன. பெயர் இருந்தாலும் அங்குள்ள இணைப்பு வழியாகவே இதழுக்குள் போங்கள். நல்ல இதழின் பெயரில் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு.

இன்னொன்று. ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்துக்கொள்ளலாம். பட்டியல் போடுவதும் அழிப்பதும் யுஜிசிக்காரர்கள். நடுவில் அலைவது நீங்கள்! நீங்கள் பதிந்திருப்பது சுந்தரனார் பல்கலைக்கழகம் என்றால், அபிஷேகப்பட்டிக்கு ஒரு நடை போய், இன்றைய விதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதுவரை அந்த வாட்ஸ்ஆப் ஆளுக்குப் பதில் போட வேண்டாம்.