பிரபலங்களின் கொலைக் கணக்கு

வணக்கம். பாடகர் ஜான் லெனான், ஆடை வடிவமைப்பாளர் வெர்சாச்சே, பாடகி செலீனா, ராப் பாடகர் டூபாக் என்று கொல்லப்பட்ட பிரபலங்களின் பெயர்களை யோசிக்காமலே அடுக்க முடிகிறது. அப்படியானால் நம்மைப் போன்றவர்களைவிட அவர்களுக்குத்தான் கொலை ஆபத்து அதிகமா? இதை எப்படிக் கணக்கிடுவது?
— ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அடுக்கியது பின்னத்தின் தொகுதி மட்டும்தான். பகுதி எங்கே? கொல்லப்படாத பிரபலங்கள் எத்தனை பேர் என்று தெரியாமல் விகிதம் வராது. யாரெல்லாம் பிரபலம் என்று முதலிலேயே வரையறுக்காவிட்டால், கொலையான பிறகு பெயர் பரவியவர்களும் பட்டியலில் நுழைந்துவிடுவார்கள்.

எல்லை தெளிவான ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம்: அமெரிக்க அதிபர்கள். லிங்கன் (1865), கார்ஃபீல்ட் (1881), மெக்கின்லி (1901), கென்னடி (1963) என 45 பேரில் 4 பேர், கிட்டத்தட்ட 9 விழுக்காடு. அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 6 பேர் கொல்லப்படுகிறார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் 1,500 மடங்கு என்று வரும். தப்பு. முன்னது முழுப் பதவிக்காலத்துக்கானது, பின்னது ஓர் ஆண்டுக்கானது.

ஆள்-ஆண்டுக் கணக்குதான் சரி: ஒருவர் ஓர் ஆண்டு பதவியில் இருந்தால் அது ஓர் ஆள்-ஆண்டு. 1789 முதல் 2024 வரை எப்போதும் ஒருவர் பதவியில் இருந்ததால் மொத்தம் சுமார் 235 ஆள்-ஆண்டுகள். நாலை அதால் வகுத்தால் லட்சத்துக்கு 1,700. நாட்டுச் சராசரியைப் போல ஏறத்தாழ 280 மடங்கு. நாலு மிகச் சிறிய எண் என்பதால் தற்செயலுக்கும் இடம் விட வேண்டும். அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று சொல்லும் பாய்சான் பரவல்படி, அந்த நாலுக்கான 95 விழுக்காடு நம்பக எல்லை (உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்பு) 1.1 முதல் 10.2 கொலைகள் வரை. கீழ் எல்லையை வைத்தாலும் 75 மடங்குக்குக் குறையவில்லை.

இதிலும் ஒரு கோணல் உண்டு. கார்ஃபீல்ட் சுடப்பட்டது ஜூலை 2, இறந்தது செப்டம்பர் 19. கழுவாத விரல்களால் காயத்தைத் துழாவிய மருத்துவர்களுக்கும் அதில் பெரும் பங்கு. 1981இல் சுடப்பட்ட அதிபர் ரீகனை அறுவை சிகிச்சை காப்பாற்றியது. ஆபத்தை அளக்க, சாவுகளைவிடத் தாக்குதல்களை எண்ணுவது மேல்.

கலைஞர்களிடம் வந்தால் கொலைக்குக் காரணம் புகழ்தானா என்று பிரிக்க வேண்டும். லெனானைச் சுட்டவன் அன்று மாலைதான் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தான். செலீனாவைச் சுட்டவர் அவருடைய ரசிகர் மன்றத்தை நடத்தியவர். இவை புகழின் கணக்கு. 1984இல் பாடகர் மார்வின் கேயைச் சுட்டதோ பெற்ற அப்பா, வீட்டுச் சண்டையில். 25 வயதில் கொல்லப்பட்ட டூபாக்கை நாட்டுச் சராசரியோடு அல்ல, அதே வயதுக் கறுப்பின இளைஞர்களோடு ஒப்பிட வேண்டும். அவர்களின் கொலை விகிதமே சராசரியைப் போலப் பல மடங்கு.