வலைப்பூ எழுதி வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அக்கா, வலைப்பூ தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. வலைப்பூவில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவைக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆனால் கணக்கில் இன்னும் பத்து டாலர்கூடச் சேரவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

தவறு எதுவும் இல்லை. விளம்பர வருமானம் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும். தமிழ் வலைப்பூக்களுக்கு ஆட்சென்ஸ் வந்ததே 2018இல்தான். தமிழில் விளம்பரம் தருகிறவர்கள் ஆங்கிலத்தைவிடக் குறைவு என்பதால் ஒரு பார்வைக்குக் கிடைக்கும் தொகையும் சிறியதாகவே இருக்கும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் நம்பர் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். குறைந்த வாசகர்கள் உள்ள வலைப்பூ அந்த நூறைத் தொடவே மாதக்கணக்கில் ஆகலாம்.

அதனால் இதை மாதச் சம்பளமாக நினைக்காதீர்கள். உங்களுக்கு இன்ன வேலை தெரியும் என்பதற்கு வலைப்பூ ஒரு சாட்சி. அதன் பெரிய பயன் அதுதான் என்பேன். பதிவைப் படித்த ஒருவர் "இதை எங்களுக்கும் செய்து தருவீர்களா?" என்று கேட்டால், அந்த ஒரு வேலையில் வரும் பணம் பல மாத விளம்பரக் காசைத் தாண்டிவிடும்.

வீட்டில் இருப்பவர்களை விளம்பரத்தைக் கிளிக் பண்ணச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். நீங்களே கிளிக் செய்வதும் மற்றவர்களைச் செய்யச் சொல்வதும் விதிமீறல். கணக்கை முடக்கிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போய்விடும்.

முன்பு ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதினேன் அக்கா. இப்போது கைக்குழந்தை. எல்லாரையும் போல அழகுக் குறிப்பு எழுதலாமா? என்ன எழுதினால் வேலை வரும்?

கணக்கையே எழுதுங்கள் தங்கச்சி! அழகுக் குறிப்பு படிக்க ஆயிரம் பேர் வருவார்கள், ஆனால் அவர்களில் ஒருவருக்கும் உங்களிடம் கொடுக்க வேலை இருக்காது. கணக்கில் சிக்கிக்கொண்ட ஒரு சிறுதொழில்காரர் உங்கள் பதிவைத் தேடி வந்தால் அவரிடம் வேலை இருக்கும்.

தலைப்பு தேட வேண்டாம். அலுவலகத்தில் உங்களிடம் அடிக்கடி வந்து கேட்ட சந்தேகங்களே தலைப்புகள். வங்கி ஸ்டேட்மென்ட்டும் நம் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் எங்கே பார்ப்பது? கொடுத்த காசோலை இன்னும் வங்கியில் பணமாகவில்லையா, வங்கி பிடித்த கட்டணத்தை எழுத விட்டுவிட்டோமா என்று படிப்படியாகச் சொல்லுங்கள். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எண்கள் இடம் மாறி விழுந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது சாதாரணம், வெளியாளுக்கு இது பெரிய உதவி. இப்படி நாலு பதிவு இருந்தால் உங்களுக்கு வேறு சிபாரிசே தேவையில்லை. பழைய அலுவலகத்தின் உண்மையான எண்களை மட்டும் எடுத்துப் போடாதீர்கள், அது நம்பிக்கைத் துரோகம்.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது: வேலை தர விரும்புகிறவர் உங்களை எப்படித் தொடர்புகொள்வார்? என்னென்ன வேலை செய்வீர்கள், எத்தனை நாளில் முடிப்பீர்கள், எந்த மின்னஞ்சலுக்கு எழுத வேண்டும் என்று தனியாக ஒரு பக்கம் வையுங்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுங்கள்.

வலைப்பூ நடத்த எந்தத் தளம் நல்லது, பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா?

செலவு செய்ய முடியாது என்றால் பிளாகர் போதும், அது இலவசம். வேர்ட்பிரஸ்ஸைச் சொந்த ஹோஸ்டிங்கில் (வாடகைக்கு எடுக்கும் இணைய இடத்தில்) போட்டால் வசதி அதிகம், வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். எதுவானாலும் டொமைன் பெயரை, அதாவது வலைப்பூவின் இணைய முகவரியை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். வடிவமைத்துத் தருபவர் பெயரில் இருந்தால் நாளைக்கு மனஸ்தாபம் வரும்போது முகவரியே கையை விட்டுப் போய்விடும்.

ஒரு நிறுவனம் பொருளை இலவசமாக அனுப்பி, நல்லவிதமாக எழுதச் சொல்கிறது. எழுதலாமா மேடம்?

எழுதலாம், ஆனால் புகழ்ந்து எழுதுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இலவசமாக வந்த பொருள் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பல நாடுகளில் இது சட்டப்படியே கட்டாயம். வாசகர் அதன் வழியாக வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் தரும் அஃபிலியேட் லிங்க் போட்டாலும் இதே முறைதான். குறையையும் எழுதும் வலைப்பூவில்தான் வாசகர் நம்பி வாங்குவார்.

"வீட்டிலிருந்தே எழுத்து வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று மெசேஜ் வந்திருக்கிறது. நம்பலாமா?

கட்டாதீர்கள். வேலை செய்கிறவருக்குத்தான் பணம் வர வேண்டும். டெபாசிட், பயிற்சிக் கட்டணம், திரும்பத் தருகிற கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'மாதிரிக்கு' என்று சொல்லி முழு நீளக் கட்டுரைகளை இலவசமாக எழுதி வாங்குகிறவர்களும் உண்டு. வலைப்பூவில் உள்ள பதிவுகளே மாதிரி, அவற்றைப் படிக்கச் சொல்லுங்கள்.

என் பதிவைப் பார்த்து முதல் கிளையன்ட் வந்திருக்கிறார் அக்கா! மாதம் நாலு கட்டுரை வேண்டுமாம். ரேட் கேட்கிறார், என்ன சொல்ல?

ரொம்ப சந்தோஷம்! அவசரப்பட்டு உடனே ஒரு தொகை சொல்லிவிடாதீர்கள். தகவல் திரட்ட, எழுத, திருத்த மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அந்த நேரத்துக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகும் தொகை எதுவோ அதுதான் ரேட். புது ஆள் என்பதற்காகப் பாதியாகக் குறைக்காதீர்கள், பிறகு ஏற்றுவது கஷ்டம். கட்டுரை எவ்வளவு நீளம், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், பணம் எந்தத் தேதியில் வரும், இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி அவருடைய சம்மதத்தை வாங்குங்கள். முதல் மாதத்துக்குப் பாதித் தொகை அட்வான்ஸ் கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம், கட்டுரை யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். உங்கள் பெயர் வராது என்றால் அதை அடுத்த கிளையன்ட்டிடம் காட்ட முடியாமல் போகலாம். அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள்.