எதற்கெடுத்தாலும் ரெய்ஸ் அடிப்பவரிடம் எப்படி ஆடுவது?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். இரவில் ஆன்லைனில் ஆறு பேர் மேசையில் டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் ஆடுவேன், பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பணம்) 25/50 பென்ஸ். சமீபமாக ஒருவர் பாதிக்குப் பாதி கைகளில் ரெய்ஸ் அடிக்கிறார் (பந்தயத்தை ஏற்றுகிறார்). நான் நல்ல கைக்காகக் காத்திருக்கிறேன். வந்தாலும் ஃப்ளாப்பில் (எல்லாருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டில்) எதுவும் சேருவதில்லை, மடக்கி விலகிவிடுகிறேன். பணம் கரைகிறது. நானும் அவரைப் போலவே பிளஃப் அடித்து (நல்ல கை இல்லாமலே பணம் போட்டு மிரட்டி) ஆட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதற்காக இப்போது காத்திருக்கும் விதமும் சரி என்று சொல்ல மாட்டேன்.

பணம் எங்கே கரைகிறது என்று பாருங்கள். ஆறு கை கொண்ட ஒரு சுற்றுக்கு பிளைண்ட் மட்டும் 75 பென்ஸ். மணிக்கு 72 கை ஓடினால் 12 சுற்று, 9 பவுண்ட். சும்மா உட்கார்ந்திருக்கவே இந்த வாடகை. ஏஸ்-கிங் போன்ற கை ஃப்ளாப்பில் ஜோடி சேர்வதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். மற்ற இரண்டு முறையும் நீங்கள் மடக்குவீர்கள் என்று தெரிந்துவிட்டால், அவருக்குச் சீட்டே தேவையில்லை.

அவர் பாதிக் கைகளோடு வருகிறார் என்றால், 1,326 இரண்டு சீட்டுச் சேர்க்கைகளில் அறுநூற்றுச் சொச்சம். அதில் பெரும்பாலும் குப்பை. ஆகவே ‘நல்ல கை’ என்பதன் அளவை நீங்கள் இறக்கிக்கொள்ளலாம். ஏஸ்-ஜாக், கிங்-குயின், ஒன்பது ஜோடி எல்லாம் அவருடைய ரெய்ஸுக்கு மேல் திரும்ப ரெய்ஸ் அடிக்கத் தகுந்த கைகள். மாறாக, சின்ன ஜோடிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவை ஃப்ளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டைப் பிடிப்பது எட்டு ஒன்பது முறைக்கு ஒரு தடவை. ஃப்ளாப்புக்கு முன்பே விலை ஏறிவிடும் மேசையில் அது கட்டுப்படியாகாது.

இடமும் முக்கியம். அவருக்கு நேர் இடது பக்கம் உட்காருங்கள். அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். அந்த இடம் கிடைக்காமல் அவர் உங்களுக்கு இடது பக்கம் வந்துவிட்டால், நான் பெரும்பாலும் மேசையையே மாற்றிவிடுவேன். இதில் ரோஷம் பார்க்கக் கூடாது.

சரி, ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். இருவரிடமும் 50 பவுண்ட். அவர் 1.50 ரெய்ஸ். நீங்கள் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில்), கையில் இஸ்பேட் ஏஸ், டைமன் ஜாக். 4.50 ஆக்குகிறீர்கள், அவர் மட்டும் கால் செய்கிறார் (அதே தொகையைப் போட்டுத் தொடர்கிறார்). பிளைண்டோடு சேர்த்து பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 9.75. ஃப்ளாப்: ஆர்டின் ஜாக், ஆர்டின் நான்கு, கிளாவர் ஏழு. அவரே முந்திக்கொண்டு 5 போடுகிறார். இங்கே கை துறுதுறுக்கும், ரெய்ஸ் அடிக்காதீர்கள். அடித்தால் குப்பையெல்லாம் ஓடிவிடும், உங்களை ஜெயிக்கும் கைதான் நிற்கும். கால் செய்யுங்கள். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு): இஸ்பேட் இரண்டு. அவர் 10 போடுகிறார், திரும்பவும் கால். ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு): கிளாவர் ஒன்பது. மீதி 30.50-ஐயும் மொத்தமாகத் தள்ளுகிறார்.

பாட்டில் இப்போது 70.25 இருக்கிறது, உங்களிடம் கேட்பது 30.50. பத்தில் மூன்று முறைக்குச் சற்றுக் கூடுதலாக ஜெயித்தால் கணக்குச் சரி. அவரிடம் என்னென்ன இருக்கலாம்? செட் (ஒரே எண்ணில் மூன்று), இரண்டு ஜோடி, பத்து-எட்டில் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து) இருக்கலாம். ஆனால் தவறிப்போன ஆர்டின் ஃப்ளஷ் (ஐந்தும் ஆர்டின்), ஸ்ட்ரெயிட் தேடித் தவறிப்போன ஆறு-ஐந்து, ஆறு-எட்டு, உங்களைவிடச் சின்னத் துணையோடு ஒரு ஜாக், இவையும் இருக்கின்றன. உங்கள் கையில் ஆர்டின் ஒன்றுகூட இல்லாததால், அந்த ஃப்ளஷ் தேடிய கைகள் முழுதாக அவர் பக்கம் இருக்க வாய்ப்புண்டு. நான் கால் செய்வேன். இதே பெட்டை (பந்தயத்தை), நாள் முழுக்க மடக்கிக்கொண்டே இருக்கும் கஞ்சன் ஒருவர் போட்டிருந்தால் யோசிக்காமல் மடக்கியிருப்பேன்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஃப்ளாப்புக்கு முன் காட்டுத்தனமாக ஆடுகிற எல்லாரும் ரிவரிலும் அப்படி ஆடுவதில்லை. சிலர் ஃப்ளாப் வரை சத்தம் போடுவார்கள், டர்னில் அடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவரின் பெரிய ரிவர் பெட் நிஜமாகவே இருக்கும். ஆட்டத்தைக் கணக்கெடுக்கும் மென்பொருள் காட்டும் சதவீதத்தைவிட, அவர் ரிவரில் பெரிதாகப் போட்டுவிட்டுத் திறந்து காட்டிய சீட்டுகளே இதைச் சொல்லும். நீங்கள் ஆடாத கைகளிலும் அதைக் கவனித்துக் குறித்து வையுங்கள். நான்கைந்து முறை பார்த்தாலே ஆள் பிடிபடுவார். காத்திருக்கும் நேரத்துக்கு உருப்படியான வேலை இதுதான்.

இந்த ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் அதிகம். சரியாக ஆடியும் ஒரே இரவில் மூன்று பை-இன் (மேசையில் உட்காரக் கொண்டுவரும் தொகை) போகலாம். அதைத் தாங்காத பணத்தோடு இந்த மேசையில் உட்காராதீர்கள். (இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 2025-இல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது.)

அப்புறம், பிளஃப் பற்றிக் கேட்டீர்கள். அவர் சந்தேகப்பட்டு எதையும் கால் செய்கிற ஆள் என்றால் பிளஃப் அடிப்பது வீண். ஃப்ளாப்புக்கு முன் திரும்ப ரெய்ஸ் அடித்தால் மடக்கிவிடுகிறார் என்றால் மட்டும், ஏஸோடு ஒரே பூவில் சின்னச் சீட்டு வரும் கைகளில் அவ்வப்போது அடித்துப் பாருங்கள். ரிவரில் அவரை விரட்டப் பார்க்காதீர்கள்.