பன்றிக்குப் பெண் பார்ப்பது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாங்குநேரிப் பக்கம் பன்னிரண்டு தாய்ப்பன்றிகளுடன் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். கம்பிக்கூண்டில் அடைக்க மனம் வராமல் சினைப்பன்றிகளை ஒரே கொட்டகையில் விட்டிருக்கிறேன். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் ரத்தக்களரி ஆகிவிடுகிறது. ஈற்றுக்குப் பதினான்கு குட்டி போடும் வம்சம் என்று ஒரு வியாபாரி இளம் பெட்டைகளைக் காட்டுகிறார். விலை அதிகம். வாங்கலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

அந்தப் பதினான்கை எந்தக் கொட்டகையில் எண்ணினார்கள் என்று கேட்டீர்களா? தாயும் பாட்டியும் கூண்டில் தனியாக நின்று ஈன்றவை என்றால், அவற்றின் குணத்தை யாரும் பார்த்ததே இல்லை. கூண்டுக்குள் எல்லாப் பன்றியும் சாதுதான். கால் வலுவும் அப்படித்தான். நடக்க விடாத இடத்தில் நொண்டி எப்படித் தெரியும்?

கோழியில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர், அதிகம் முட்டையிட்ட தனிக்கோழியை விட்டுவிட்டு, பல கோழிகள் சேர்ந்திருந்த கூண்டுகளில் நன்றாக இருந்த கூண்டையே மொத்தமாக வளர்ப்புக்குத் தேர்ந்தெடுத்தார். சில தலைமுறைகளில் கொத்திச் சாவது வெகுவாகக் குறைந்தது. அதிகம் தருகிற ஒன்று, பக்கத்திலிருப்பதைத் தின்னவிடாமல் தருகிறதோ என்னவோ!

தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் பிள்ளையை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். பன்றிக்குத் தண்ணீர்த்துறை தீவனத்தொட்டிதான். வள்ளியூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் தவிடு கொட்டும் நேரத்தில் நின்றிருந்தேன். எட்டுப் பன்றிகள் முண்டின. காதில் கறுப்புப் புள்ளி உள்ள ஒன்று மட்டும் உறுமிவிட்டு ஒதுங்கி, சுற்றிவந்து ஓரத்தில் வாய் வைத்தது. "இவள் சத்தம்தான் போடுவாள், பல்லை வைக்க மாட்டாள்" என்றார் பண்ணைக்கார அம்மா. அதன் மகளைத்தான் அவர் வளர்ப்புக்கு நிறுத்தியிருந்தார்.

கீறல்களையும் பாருங்கள். தோளிலும் காதிலும் இருந்தால் எதிர்த்து நின்று மோதியது. பின்புறம் இருந்தால் கடிபட்டு ஓடியது. ஓடியதன் மேல் பழி இல்லை, கடித்தது எது என்று தேடுங்கள். காம்பு ஏழு ஜோடியாவது இருக்கட்டும். ஆண் பன்றிக்கும் இதே கண்தான். வம்சக் குணத்தில் பாதி அதன் வழியாக வருகிறது.

ஆனால் வம்சம் மட்டும் சண்டையை நிறுத்தாது. அறியாத பன்றிகள் முதல் ஓரிரு நாள் மோதத்தான் செய்யும். ஒற்றையாகச் சேர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேருங்கள். தீவனத்தைப் பரப்பி இடுங்கள். இணை சேர்ந்த முதல் நான்கு வாரத்தில் கரு கருப்பையில் ஒட்டும் காலம் வருகிறது. அப்போது சண்டை வந்தால் ஈற்றே போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடப்பில் இருக்கும் சட்டமும், கூட்டமாக வைப்பதை அந்த நான்கு வாரத்துக்குப் பிறகுதான் கட்டாயமாக்குகிறது. அங்கே தாய்ப்பன்றி ஒன்றுக்குக் குறைந்தது 2.25 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 24 சதுர அடி. உங்கள் கொட்டகையை ஒரு முறை அளந்து பாருங்கள்.

வாங்கினாலும் ஒரு மாதம் தனியாக வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சேருங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020 முதல் நம் நாட்டிலும் இருக்கிறது. வியாபாரி தாயைக் காட்ட மாட்டேன் என்றால் பஸ் ஏறி ஊர் திரும்பிவிடுங்கள்.