புத்தகத்தை மட்டும் வைத்து வீட்டுச் சாதனங்களைத் திருத்தக் கற்றுக்கொள்ள முடியுமா?

மின்னணுவியல் படிக்காத ஒருவர் ஒரு புத்தகத்தை நம்பித் தொலைக்காட்சி, வானொலி போன்றவற்றைத் திருத்தப் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பழகலாம். நான் கணக்கு வேலை பார்ப்பவள். விஞ்ஞானத்தைப் பாடசாலையின் சாதாரண தரப் பரீட்சையோடு விட்டவள். உங்கள் வீட்டிலும் அலுமாரிக்கு மேலே இயங்காத ஒரு பெட்டி, எறிய மனமில்லாமலும் திருத்தக் கொடுக்கத் துணிவில்லாமலும் தூசி படிந்து கிடக்கிறது என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படிக் கிடந்தது அம்மாவின் தொலைக்காட்சிப் பெட்டி.

நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு மிக அருகே ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். 2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில், மின்சாரம் வந்த பிறகும் அந்தப் பெட்டி கிளம்பத் தாமதிக்கத் தொடங்கியது. முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி நேரம், கடைசியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிவதோடு நின்றுவிட்டது. திருத்தக் கொடுத்த கடையில் பதினேழு நாள் வைத்திருந்துவிட்டு, மெயின் போர்ட் போய்விட்டது, இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வேறு போர்ட் வராது, புதுப்பெட்டி வாங்குங்கள் என்றார்கள். எதைச் சோதித்துப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். “வீட்டில் ஆம்பிளைகள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், விளங்கப்படுத்துகிறோம்” என்று பதில் வந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் பின்மூடியின் திருகாணிகளில் மூன்றைக் காணவில்லை. திருத்துகிறவர்கள் எல்லோரும் அப்படியானவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக வேலை செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதில் இன்றும் மனதில் தைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரமே மருதானைப் பக்கம் போய், டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக உள்ள பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில், திருத்த வேலை பற்றிய ஓர் ஆங்கில நூலை வாங்கினேன். படக்குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்து நூல் என்பதால் அதில் பாதி எனக்கு உதவவில்லை. ஆனால் அதன் முதல் அத்தியாயத்தில் ஒரு கருவியின் பெயர்கூட இல்லை. மூடியைக் கழற்றுவதற்கு முன், சாதனம் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை, பழுது ஒரேயடியாக வந்ததா அல்லது நாளுக்கு நாள் கூடியதா, சூட்டில் ஒரு மாதிரியும் குளிரில் வேறு மாதிரியும் நடக்கிறதா என்று எழுதி வைக்கும்படி மட்டுமே அது சொன்னது. நான் எழுதியதை வைத்துக்கொண்டு மின்வழங்கல், அதாவது வீட்டு மின்சாரத்தைச் சாதனத்துக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பகுதி, பற்றிய அத்தியாயத்தைப் படித்தபோது, நாளுக்கு நாள் மோசமாகிக் குளிர்ந்திருக்கும்போது கிளம்ப மறுக்கும் சாதனத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை மின்பகு கொள்ளளவிகள், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் சிறு உருளை வடிவ உறுப்புகள், என்பது தெரிந்தது. அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் வற்றிவிட, உட்தடை கூடுகிறது. சூடேற்றினால் அந்தத் தடை தற்காலிகமாகக் குறையும். செருகியைக் கழற்றிவிட்டு, தலைமுடி உலர்த்தியால் அந்தப் பகுதியை இரண்டு நிமிடம் சூடாக்கி, மூடியை வைத்து, மின்சாரத்தைக் கொடுத்தேன். பெட்டி உடனே கிளம்பியது. சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

பிறகு பல்மானியால் (மல்டிமீட்டர்) அளந்தபோது, 5 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் முள் நான்கைச் சுற்றி அலைந்துகொண்டிருந்தது. 1000 மைக்ரோ பரட், 10 வோல்ற் என்று எழுதிய இரண்டு கொள்ளளவிகளின் தட்டையான தலை, விரலால் தடவினால் தெரியும் அளவுக்கு மேடாகியிருந்தது. அதே கொள்ளளவும், அதே அளவோ சற்றுக் கூடவோ வோல்ற்றும், 105 பாகை செல்சியஸ் வரை சூடு தாங்கும் தரமும் உள்ளவற்றைத்தான் பதிலாகப் போட வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 16 வோல்ற் உள்ள இரண்டை, ஒரு பிளேன்ரீயின் விலைக்குள் வாங்கினேன்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாடசாலையில் நாம் கொள்ளளவி, தடையி (ரெசிஸ்டர்), இருவாயி (டயோட்), பற்றாசு (உறுப்புகளைப் பலகையில் உருக்கி ஒட்டும் உலோகம்) என்று படித்தோம். எவ்வளவு தெளிவான சொற்கள்! ஆனால் அந்தச் சொற்களை வைத்து, பழுதை எப்படித் தேடுவது என்று சொல்லும் ஒரு தமிழ் நூல் நான் தேடிய கடைகள் எதிலும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் விளங்கிக்கொண்டு, கடையில் போய்ச் சிங்களத்தில் கேட்டேன்.

புத்தகத்தால் கற்பிக்க முடியாததும் உண்டு. உங்கள் வீட்டார் சொல்வதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. பற்றாசைச் சூட்டுக் கோலின் முனையில் உருக்கக் கூடாது, செப்புத் தகட்டையும் உறுப்பின் காலையும் சேர்த்துச் சூடாக்கி அந்தச் சூட்டில் உருக விட வேண்டும் என்ற வாக்கியத்தைப் பல முறை வாசித்தேன். ஆனாலும் பழைய வானொலி ஒன்றின் பலகையில் நான் பழகிய முதல் ஒட்டுகள் மங்கிய உருண்டைகளாகவே வந்தன; ஓரிடத்தில் தகடே உரிந்துவிட்டது. முப்பதாவது ஒட்டு அளவில்தான், பற்றாசு தண்ணீர்போல் பரவி, காலைச் சுற்றி ஏறி, மினுங்கிக்கொண்டு உறைந்ததைக் கண்டேன். அதன் பிறகே அம்மாவின் பெட்டியில் கை வைத்தேன்.

உயிராபத்தான வேலையை ஊக்குவிக்கிறேன் என்று கண்டிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற். மின்வழங்கலுக்குள் அது நேரோட்டமாக மாறி ஏறத்தாழ 325 வோல்ற்றாகப் பெரிய கொள்ளளவியில் நிற்கிறது, செருகியைக் கழற்றிய பிறகும் நிற்கலாம். அதை ஒரு தடையியால் வெறுமையாக்கி, பல்மானியால் அளந்து உறுதிசெய்யாமல் நான் எதையும் தொடுவதில்லை. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் மூடியைத் திறப்பதுமில்லை. ஆயிரக்கணக்கான வோல்ற்றில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பை இன்றுவரை திறந்ததில்லை. நீங்களும் திறக்க வேண்டாம். ஒரு வெற்றியை வைத்துப் பேசுகிறேன் என்றும் எண்ண வேண்டாம். மெதுவாகச் சுற்றிய இரண்டு மின்விசிறிகளுக்குக் கொள்ளளவி மாற்றினேன், சோறு சமைக்கும் குக்கர் ஒன்றுக்கு வெப்ப உருகி மாற்றினேன். சலவை இயந்திரப் பலகை ஒன்றில் தோற்று, அதை வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன்.

நீங்கள் தொலைக்காட்சியில் தொடங்காமல், மின்கலத்தில் இயங்கும் பழைய வானொலியில் தொடங்குங்கள். நான்கு மின்கலம் போட்டாலும் 6 வோல்ற்தான். கழற்றும் ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். என்னைப்போல் கடலோரத்தில் இருப்பவரானால், முதலில் மின்கலம் உட்காரும் சுருள்களைப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அதன் பிறகு மின்கலத்தைப் போட்டுப் பாருங்கள்.