வீட்டில் கறி வெட்டும் இடம்: செலவைத் தரையிலும் குளிர்ச்சியிலும் போடுங்கள்

கேள்வி: மாதவரத்தில் ஆடு வளர்க்கிறேன். வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்குமாக அவ்வப்போது ஒரு கிடா போடுவோம். கொல்லையில் 10க்கு 12 அடி இடம் இருக்கிறது. அறுத்து, உரித்து, வெட்ட அங்கே என்ன ஏற்பாடு செய்யலாம்?

பதில்: அறுப்பதை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. மாதவரம் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. மத்திய அரசின் 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில்தான் அறுக்கலாம். சினை ஆட்டுக்கும் 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் அங்கேயும் அனுமதி இல்லை. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி (மாநகராட்சி இறைச்சிக்கூடம்) உங்களுக்குப் பக்கம்தான். ரத்தமும் சாணியும் அங்கேயே நின்றுவிடும்; உங்கள் வேலை பாதியாகும். 25 கிலோ கிடா உரித்தால் சுமார் 12 கிலோ தேறும். அதை வெட்ட உங்கள் இடம் தாராளம்.

தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், கொழுப்பு பட்டால் ஆளைச் சாய்த்துவிடும். லேசான சொரசொரப்போடு சிமென்ட் தளம் போட்டு, மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் கொடுங்கள். தண்ணீர் போகும் வாயில் சல்லடை, அடுத்து கொழுப்பு தேங்க ஒரு சிறு தொட்டி. மழைநீர் வடிகாலில் மட்டும் விடாதீர்கள். தொங்கவிட 7 அடி உயரத்தில் 2 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், துருப்பிடிக்காத எஸ் கொக்கி போதும். வெட்ட புளியங்கட்டைதான் சரி. இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும், கை ஓங்க வசதி.

கழுவும்போது பலர் எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றுகிறார்கள். ரத்தம் வெந்து மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்புப் போட்ட வெந்நீர், கடைசியில் 10 லிட்டருக்கு 7 கிராம் பிளீச்சிங் பவுடர் (30 சதவீதக் குளோரின் உள்ளது) கரைத்த தண்ணீர். அழுக்கு போகாமல் பிளீச்சிங் ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். கட்டைக்குக் கல்லுப்புத் தேய்த்து, நிமிர்த்திக் காய வையுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் சூட்டில்தான் வரும். சென்னை வெக்கையில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட முடியாது. அதற்காக, சூடு ஆறாத கறியை நேரே ஃப்ரீசரில் தள்ளினால் தசை சுருங்கி இறுகிவிடும். எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். ஆட்டுக்கு மேல்கொழுப்பு மெல்லிசு என்பதால் இது சீக்கிரம் நடக்கும். வெட்டியதும் 5 செ.மீ.க்கு மேல் குவியாமல் தட்டுகளில் பரப்பி, 4 டிகிரி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து, மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். பாலித்தீன் பையில் மூட்டையாகக் கட்டினால் நடுக்கறி சூடாகவே இருந்து நாறிவிடும்.

குடலைக் கடைசியில், தனிக் கட்டையில் சுத்தம் செய்யுங்கள். ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தெரிந்தால் நாய்க்குப் போடவே கூடாது. கட்டியிலுள்ள நாடாப்புழு நாய் வயிற்றில் வளர்ந்து, அதன் சாணம் வழியே மனிதருக்கும் ஆட்டுக்கும் திரும்பி வரும்.