போலீசில் புகார் கொடுத்தாயிற்று, ஒய்.பி. பிரஸ் மீட் வைக்கலாம் என்கிறார்: ஆவணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் பினாங்கு மாநிலப் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக் குழுவில் செயற்குழு உறுப்பினர். நிதியில் பெரிய ஓட்டை இருப்பது தெரிந்து மூன்று மாதங்களுக்கு முன் போலீசில் புகார் செய்தேன், ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்.பி.ஆர்.எம்.மிலும் கொடுத்திருக்கிறேன். குழுத் தலைவர் ஒரு கட்சியில் தொகுதிப் பொறுப்பில் இருப்பவர். விசாரணை அதிகாரியைக் கேட்டால் ‘சியாசாத்தான் மாசி பெர்ஜாலான்’ (விசாரணை இன்னும் நடக்கிறது) என்ற ஒரே பதில்தான். இப்போது வேறு கட்சி ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) ஒருவர், “கையில் இருக்கும் பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் கொடுங்கள், நிருபர்களைக் கூப்பிட்டு உடைத்துவிடுவோம்” என்கிறார். கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் கேஸை அமுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஆவணத்தைக் கொடுக்காதீர்கள். அதற்காக ஒய்.பி.யின் உதவியே வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். அவரிடம் கேட்க வேண்டிய உதவி வேறு.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். அமுக்குவது என்றதும், யாரோ பெரிய புள்ளி ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ‘விட்டுவிடு’ என்று சொல்வதுதான் நம் கண்முன் வரும். நடைமுறையில் அவ்வளவு சிரமம் தேவைப்படுவதில்லை. கோப்பு சும்மா கிடந்தாலே போதும். அதிகாரி மாற்றலாகிப் போவார், புதியவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார், அதற்குள் பள்ளிக் குமாஸ்தா வேலையை விட்டுப் போயிருப்பார். ஆள் மாறினால் கேஸின் போக்கு மாறும் என்பதற்கு நாடறிந்த உதாரணமே இருக்கிறது. அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி விவகாரம் சூடாக இருந்தபோது, 2015 ஜூலை 28 அன்று, அப்போதைய சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் பதவி நீக்கப்பட்ட செய்தி வந்தது. உடல்நலம் காரணம் என்றார்கள். அதே நாளில் துணைப் பிரதமர் முகிதீனும் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஜனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர் அபாண்டி அலி, பிரதமராக இருந்த நஜிப் மீது குற்றம் ஏதுமில்லை என்று அறிவித்துக் கோப்பை மூடினார். ஆனால் காகிதம் எங்கும் போய்விடவில்லை. 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்.ஆர்.சி. தொடர்பான வழக்கில் நஜிப் குற்றவாளி என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020 ஜூலை 28 அன்று. ஐந்து ஆண்டுகள், நாள்கூடப் பிசகவில்லை! தற்செயல்தான், ஆனாலும் ரசிக்க வேண்டிய தற்செயல். ஆகவே நாளைக்கே உங்கள் கேஸுக்கு ‘என்.எஃப்.ஏ.’ என்று எழுதினாலும் இடிந்துபோகாதீர்கள். மேல்நடவடிக்கை இல்லை என்பது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. புது ஆதாரம் வந்தால் கோப்பைத் திறக்கலாம்.

அடுத்து, முடிவு யார் கையில் என்று பாருங்கள். போலீஸ் விசாரிக்கும். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை, கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) பிரிவுப்படி, அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞர் என்ற முறையில் சட்டத்துறைத் தலைவரே தீர்மானிக்கிறார். அன்றாடத்தில் அவருக்காக டி.பி.பி.க்கள், அதாவது அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞர்கள், செய்கிறார்கள். விசாரணை அதிகாரி கோப்பை டி.பி.பி.யிடம் அனுப்புவார், ‘இன்னாரிடம் வாக்குமூலம் வாங்கு, இந்தக் கணக்கைச் சரிபார்’ என்ற குறிப்போடு அது திரும்பி வரும், மறுபடி போகும். நீங்கள் அதிகாரியிடம் ‘கேஸ் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் வரக்கூடிய பதில் வந்துவிட்டது. ‘கோப்பு இப்போது உங்களிடமா, டி.பி.பி.யிடமா? எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். இதில் விசாரணை ரகசியம் எதுவும் இல்லை, மழுப்புவதும் கஷ்டம்.

இதை வாயால் கேட்பதோடு விடாதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. புகார் கொடுத்தவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்திருந்து, குற்றமும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகை என்றால், விசாரணை நிலை பற்றிய அறிக்கையை நீங்கள் எழுத்தில் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கக்கூடிய விவரத்தை மட்டும் அவர்கள் தர வேண்டியதில்லை. ஒப்படைத்த பணத்தைக் கையாடும் நம்பிக்கை மோசடி இந்த வகைக் குற்றம்தான், உங்களுக்கு மூன்று மாதமும் ஆகிவிட்டது.

கடிதம் மலாயில், ஒரே பக்கம் போதும். தலைப்பு: ‘பெர்மொஹோனான் லாப்போரான் ஸ்தாத்துஸ் சியாசாத்தான், செக்‌ஷென் 107ஏ, கானூன் தாத்தாச்சாரா ஜெனாயா’ (குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின்கீழ் விசாரணை நிலை அறிக்கைக்கான விண்ணப்பம்). கீழே புகார் எண், தேதி, எந்த பாலாய் (போலீஸ் நிலையம்), விசாரணை அதிகாரியின் பெயர், உங்கள் கையெழுத்து. அழுகையும் ஆத்திரமும் அதில் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் ‘சோப் தெரிமா’ (பெற்றுக்கொண்ட முத்திரை) தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லையென்றால் கடிதமே கொடுக்காத மாதிரிதான். பதில் வராவிட்டால் அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞருக்கே எழுதலாம். அவர் போலீசிடம் விவரம் கேட்டே ஆக வேண்டும். வரும் அறிக்கை இரண்டே வரியாக இருக்கலாம். பரவாயில்லை. இன்ன தேதியில் கோப்பு இன்ன இடத்தில் இருந்தது என்பதற்கு உங்கள் கையில் ஒரு எழுத்து இருக்கும்.

இப்போது பேங்க் ஸ்டேட்மெண்ட். அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. குழுவின் சொந்தக் கணக்கு, கூட்டத்தில் உறுப்பினர்களுக்குக் கொடுத்த நகல் என்றால் ஒரு மாதிரி. வங்கியில் வேலை பார்க்கும் தெரிந்தவர் மூலம் தலைவரின் சொந்தக் கணக்கைப் பார்த்து எடுத்தது என்றால், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் தலையைக் கொடுக்கிறீர்கள். ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரிங்கிட் வரை அபராதம். முறைதவறி வெளியே வந்த தகவல் என்று தெரிந்தே அடுத்தவருக்குக் கொடுப்பவருக்கும் இதே பிரிவுதான்.

இதற்கும் நம் ஊரிலேயே கதை உண்டு. மாட்டுப்பண்ணை நிறுவனமான என்.எஃப்.சி. விவகாரத்தில் அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ராஃபிஸி ரம்லி 2012இல் வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்டார். அப்போதிருந்த பாஃபியா என்ற வங்கிச் சட்டத்தில் அவர் மீது வழக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் ஷா ஆலாம் செஷன்ஸ் நீதிமன்றம் 30 மாதச் சிறை விதித்தது. 2019 நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. கடைசியில் ஜெயித்தார் என்று சொல்லலாம், ஆனால் ஏழு வருடம் போயிற்று. அதே வழக்கில் ஒரு வங்கி ஊழியரும் கூடவே நின்றார் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அரசியல்வாதிக்கு வழக்கு ஒரு பதக்கம் மாதிரி, மேடையில் சொல்லிக்கொள்வார். மாதச் சம்பளக்காரருக்கு அது வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு.

ஒய்.பி.க்கு இன்னொரு கவசமும் இருக்கிறது. சட்டமன்றத்துக்குள்ளும் நாடாளுமன்றத்துக்குள்ளும் பேசுவதற்குப் பெரும்பாலும் வழக்குப் போட முடியாது. ஆனால் அது அவைக்குள் மட்டும்தான். வெளியே, கொம்தார் கட்டடத்தில் மைக் வைத்துப் பேசினால் அவருக்கே அது கிடையாது. பக்கத்து நாற்காலியில் உட்காரும் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? போலீஸ் புகாரில் எழுதியதற்காக அவதூறு வழக்குப் போட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே புகாரின் நகலை நிருபர்களுக்கு விநியோகித்தால் அந்தப் பாதுகாப்பு கூடவே வராது. உங்கள் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த நகல் ஏற்கெனவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

எஸ்.பி.ஆர்.எம். புகார் இன்னும் கறார். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, சம்பந்தப்பட்டவர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்படும் வரை புகார் ரகசியம். ‘தினமும் யாராவது எஸ்.பி.ஆர்.எம். வாசலில் நின்று கேமராவுக்குப் புகார் நகலைக் காட்டுகிறார்களே’ என்று கேட்பீர்கள். காட்டுகிறார்கள்தான். அவர்களில் யார் மீதும் நடவடிக்கை வரவில்லை என்பதற்காக உங்கள் மீது வராது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். அப்புறம், தகவல் தருபவர் பாதுகாப்புச் சட்டம் 2010 அமலாக்கத் துறையிடம் நேராகப் போகிறவருக்கே பாதுகாப்பு தருகிறது. ஒய்.பி.யிடமும் நிருபரிடமும் கொடுப்பதற்கு அது பொருந்தாது.

பத்திரிகையில் வந்தால் நீதிபதியின் மனம் மாறிவிடும் என்ற வாதத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. நம் நாட்டில் ஜூரி முறை 1995லேயே போய்விட்டது. பாதிப்பு வேறு இடத்தில். நாளை காலை செய்தி வந்தால் முதலில் படிப்பவர் தலைவரின் வக்கீல். யார் யார் சாட்சி, எந்தக் காசோலை, போலீசுக்கு எதுவரை தெரியும் என்பதெல்லாம் அவருக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். கணக்கில் மீதி இருக்கும் பணத்தை முடக்க அதிகாரிகள் நினைத்திருந்தால், அது அன்றைக்கே நகர்ந்துவிடும். வவுச்சர் எழுதிய குமாஸ்தா, தன் பெயரும் வந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வார். பின்னால் நீதிமன்றத்தில், ‘இது எதிர்க்கட்சி ஜோடித்த கேஸ்’ என்று சொல்ல பிரஸ் மீட் படமே போதும்.

விளம்பரம் மட்டும் கேஸை நகர்த்தும் என்றால் ஈப்போவைச் சேர்ந்த எம். இந்திரா காந்தியின் வழக்கு என்றோ முடிந்திருக்கும். மகளைத் தூக்கிச் சென்ற முன்னாள் கணவரைக் கைது செய்யும்படி 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமே போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் அப்போதைய தலைவர், ஆள் இருக்குமிடம் தெரியும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதன் பிறகும் மகளைக் காண அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

வெளியே போய்க் கத்தவே வேண்டிய நேரமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009 ஜனவரியில் ஏ. குகன் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தபோது, உடலில் இருந்த காயங்களைக் குடும்பத்தினர் வெளியே காட்டினார்கள், இரண்டாம் பிரேதப் பரிசோதனை கேட்டார்கள். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் முதல் பரிசோதனை சொன்னதே நின்றிருக்கும். அங்கே தடயம் ஓர் உடல், அது இருந்ததோ சந்தேகத்துக்கு ஆளானவர்கள் பக்கத்திலேயே. உங்கள் கேஸில் தடயம் வங்கியின் கணினியில் பத்திரமாக இருக்கிறது. அவசரம் அந்த மாதிரி இல்லை.

சரி, ஒய்.பி.யிடம் என்ன கேட்பது? வட்டாரப் போலீஸ் தலைவருக்கு அவர் பெயரில் ஒரு கடிதம்: இன்ன எண் புகார், இன்ன தேதியில் 107ஏ கடிதம் கொடுக்கப்பட்டது, பதில் வந்ததா? அவ்வளவுதான். யாரைக் கைது செய்ய வேண்டும் என்று அவர் எழுதக் கூடாது. தலைவரின் கட்சிக்காரர்கள் செய்வதாக நீங்கள் சந்தேகப்படும் அதே வேலை அது. நிதியில் மாநில அரசின் ஒதுக்கீடு கலந்திருந்தால் இன்னொரு வழியும் திறக்கும். பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. போலீஸ் கூட்டரசின் கீழ் வருவதால் அதற்கு இது செல்லாது. ஆனால் மாநிலம் எவ்வளவு கொடுத்தது, எந்தத் தேதியில், யார் பெயரில் என்ற விவரத்தை மாநில அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பித்துக் கேட்கலாம். அப்படி வாங்கிய காகிதம் எந்த மேடையிலும் உங்களைக் காட்டிக்கொடுக்காது.

நிருபர் போன் செய்தால் புகார் கொடுத்த தேதியைச் சொல்லுங்கள், 107ஏ கடிதம் கொடுத்ததைச் சொல்லுங்கள், பதில் வந்ததா இல்லையா என்று சொல்லுங்கள். தலைவர் பெயரும் ‘சுருட்டினார்’ என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரவே கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்கீழ் போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில் என்ன சொன்னீர்கள் என்பதை வீட்டில்கூடப் பேச வேண்டாம். அதிகாரி வேண்டுமென்றே இழுக்கிறார், அல்லது மிரட்டுகிறார் என்று தெரிந்தால், 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய, போலீசாரின் நடத்தையை விசாரிக்கும் ஐ.பி.சி.சி. ஆணையத்தில் முறையிடலாம். மெதுவாக வேலை செய்கிறார் என்பதற்காக மட்டும் அங்கே போகாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. செயற்குழு உறுப்பினர் என்கிறீர்கள். காசோலையில் இரண்டாம் கையெழுத்து யாருடையது? ஆண்டுக் கணக்கை ஏற்று ஒப்பமிட்டவர்களில் நீங்களும் ஒருவரா? அப்படியென்றால் உங்களைச் சாட்சியாக மட்டும் பார்க்க மாட்டார்கள். தகவல் தருபவர் பாதுகாப்பும் பறிபோகலாம். ஒய்.பி.யைப் பார்ப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். கட்டணம் முடியாது என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது. போகும்போது கூட்டக் குறிப்பேடுகளின் நகலையும் எடுத்துப் போங்கள். எந்தக் கூட்டத்தில் எந்தக் கணக்கை நீங்கள் கேள்வி கேட்டீர்கள் என்பது அதில் பதிவாகியிருந்தால், வக்கீல் முதலில் புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.